பீரோவில் வந்த காடி வாசனை

போன வருடம் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. செம்பூரில் எங்கள் கட்டடத்துச் சுவர்கள் எல்லாம் வியர்த்துக்கொண்டிருந்தன. பட்டுப் புடவைகளில் பூஞ்சை பிடித்துவிடப் போகிறதே என்று பீரோவைத் திறந்த என் மனைவி, "ஏங்க, ஊறுகாய் பாட்டில் எதையாவது இதுக்குள்ளே வச்சீங்களா? ஒரே புளிச்ச வாடை!" என்று சத்தம் போட்டாள்.

ஊறுகாய் எதுவும் இல்லை. மேல் தட்டின் கடைசியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதை எடுத்து, சுற்றியிருந்த டேப்பைப் பிரித்து மூடியைத் திறந்தேன். சுரீரென்று மூக்கில் ஏறியது காடி வாசனை. காடி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. வினிகர் என்றால் புரியும். 36 வருடம் எஸன்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் நான். அது அசிட்டிக் அமிலம் என்று சொல்ல எனக்குப் பரிசோதனைக் கூடம் தேவையில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதும் அடுத்த நொடியே புரிந்துவிட்டது. புரிந்ததும் கால் தளர்ந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த டின்னில் இருந்தவை அப்பாவின் போட்டோ நெகடிவ்கள்.

அப்பா 1956இல் தாமிரபரணிக் கரையிலிருந்து பம்பாய்க்கு வந்தவர். 1972இல் ஓர் அக்ஃபா க்ளிக் த்ரீ காமிரா வாங்கினார். ஒரு ரோலுக்கு 12 படம். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது ஒரே ஒரு ரோல் போடுவார். 14 வருடத்தில் 14 ரோல். மொத்தம் 168 படங்கள். பிரிண்ட்கள் எல்லாம் ஊர் வீட்டு ஆல்பத்தில் இருந்து கறையானுக்குப் போயின. 1975இல் மஞ்சள் காமாலையில் போன என் அக்காவின் படம் என்று இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த டின்னில்தான். அது 1974 பொங்கலன்று ஊர்த் திண்ணையில் எடுத்தது. அக்காவுக்கு அப்போது 19 வயது.

படச்சுருளில் காடி வாசனை ஏன் வர வேண்டும்? அதைச் சொல்வதற்கு முன் எஸ்டர் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தோடு வேதியியலுக்குக் கும்பிடு போட்டவர்கள் பயப்பட வேண்டாம். சமன்பாடு எதுவும் எழுதப் போவதில்லை.

தண்ணீர் வந்ததா?

ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் கைகோத்துக்கொள்ளும்போது இரண்டிலிருந்தும் கொஞ்சம் கழன்று தண்ணீராக வெளியே போய்விடும். மீதி இரண்டும் சேர்ந்து ஒரே பொருளாக நிற்கும். அதுதான் எஸ்டர். லியோபோல்ட் குமெலின் என்ற ஜெர்மானிய வேதியியலார் 1848இல் இந்தப் பெயரை வைத்தார். ஜெர்மன் மொழியில் 'எஸ்ஸிக் ஈத்தர்' என்று வழங்கிய சொல்லைச் சுருக்கியது அது. எஸ்ஸிக் என்றால் காடி. ஆக, எஸ்டரின் பெயருக்குள்ளேயே காடி இருக்கிறது.

இந்தச் சேர்க்கையின் விசித்திரம் வாசனையில் தெரியும். பியூட்டிரிக் அமிலத்தை முகர்ந்தால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம், குமட்டிக்கொண்டு வரும். அதையே எத்தில் ஆல்கஹாலோடு சேர்த்தால் கிடைக்கும் எத்தில் பியூட்டிரேட்டுக்கு அன்னாசிப்பழ வாசனை! ஐசோ அமைல் ஆல்கஹால் என்று ஒன்று. அதன் நெடி தொண்டையைப் பிடிக்கும். காடியில் உள்ள அசிட்டிக் அமிலத்தோடு அதைச் சேர்த்தால் வாழைப்பழ எஸன்ஸ். குழந்தைகள் சப்பும் மஞ்சள் மிட்டாயின் ரகசியம் இதுதான்.

1979இல் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்த கையோடு தானா பக்கம் இருந்த ஓர் எஸன்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். அங்கே ஒரு மராட்டிய ஃபோர்மன். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். ஆனால் எனக்குக் கல்லூரியில் புரியாத பாடத்தை ஒரே வாரத்தில் புரியவைத்தவர். மணிக்கு ஒருதரம் ரியாக்டர் பக்கம் வந்து "பாணீ ஆலே கா?" என்பார். தண்ணீர் வந்ததா?

எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் அப்போது குடியிருந்த சாலில் விடியற்காலை 4 மணிக்கு எல்லா வீட்டுப் பெண்களும் குடத்தோடு நின்றுகொண்டு கேட்கும் கேள்வியும் இதேதான். வீட்டிலும் தண்ணீர், வேலையிலும் தண்ணீரா என்று நினைப்பேன்.

ஆனால் ஃபோர்மன் கேட்ட தண்ணீர் வேறு. எஸ்டர் உண்டாகும் வினை ஒருவழிப் பாதை அல்ல. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டரும் தண்ணீரும் ஆகிற அதே நேரத்தில், அந்தத் தண்ணீர் எஸ்டரைப் பிடித்து மறுபடி அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரித்துக்கொண்டிருக்கும். பெர்த்தெலோ, சேன் ழில் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1862இல் இதை அளந்து பார்த்தார்கள். அசிட்டிக் அமிலத்தையும் எத்தில் ஆல்கஹாலையும் சம எண்ணிக்கை மூலக்கூறுகளாகக் கலந்து வைத்தால், எத்தனை நாள் வைத்தாலும் மூன்றில் இரண்டு பங்குதான் எஸ்டராகிறது. அதற்கு மேல் சேருகிற வேகமும் பிரிகிற வேகமும் ஒன்றாகிவிடும். கொஞ்சம் கந்தக அமிலம் விட்டுக் காய்ச்சினால் சீக்கிரம் அந்த இடத்தை அடையலாம். எமில் ஃபிஷரும் ஆர்தர் ஸ்பையரும் 1895இல் சொன்ன முறைதான் இது. இன்றைக்கும் அவர்கள் பெயரில்தான் வழங்குகிறது. ஆனால் அமிலம் போகிற பாதையை மட்டுமல்ல, திரும்புகிற பாதையையும் வேகப்படுத்தும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்படியானால் முழுவதையும் எஸ்டராக்க என்ன வழி? உண்டாகிற தண்ணீரை உடனுக்குடன் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்காக ரியாக்டரில் ஒரு கரைப்பானையும் சேர்த்துக் கொதிக்கவிடுவோம். அது ஆவியாகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு மேலே போகும். குளிர்ந்து இறங்கும்போது கண்ணாடிக் குழாயின் அடியில் தண்ணீர் தனியாகத் தங்கும். கரைப்பான் ரியாக்டருக்குத் திரும்பிப் போய்விடும். குழாயில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஏறுவது நின்றால் முடிந்தது. பிறகு சோடா உப்புக் கரைசலில் கழுவி மிச்ச அமிலத்தைப் போக்கி, வாலையில் வடித்து எடுக்க வேண்டியதுதான். ஃபோர்மன் சொல்வார்: "தண்ணீரை எடுத்தால் இது சேரும். தண்ணீர் சேர்ந்தால் இது பிரியும். இவ்வளவுதான் படிப்பு."

இவ்வளவுதான் படிப்பு. இதைத்தான் நான் வீட்டில் மறந்தேன்.

வீடெல்லாம் எஸ்டர்

எஸ்டர் இல்லாத வீடு கிடையாது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கி வரும் மல்லிகைச் சரத்தின் மணத்தில் பென்சைல் அசிட்டேட் என்ற எஸ்டருக்குப் பெரும் பங்கு உண்டு. மூட்டு வலிக்குத் தடவும் தைலத்தின் அந்தக் காரமான குளிர்ந்த வாசனை மெத்தில் சாலிசிலேட். இங்கே வடக்கத்திக் கடைகளில் 'கந்தபுரா தேல்' என்று கேட்டால் கிடைக்கும் எண்ணெயில் பெரும்பகுதி இதுதான். அந்தச் செடி நம் நீலகிரியிலும் வளர்கிறது.

தேனீக்களும் எஸ்டர் பேசும். ஒரு தேனீ கொட்டியதும் மற்றவை ஓடி வருவதற்குக் காரணம், கொடுக்கின் பக்கத்திலிருந்து வெளிப்படும் ஐசோ அமைல் அசிட்டேட் என்று 1962இல் கண்டுபிடித்தார்கள். அதாவது சாட்சாத் நம் வாழைப்பழ எஸன்ஸ்! சட்டையெல்லாம் அந்த எஸன்ஸோடு மாமரத்துத் தேன்கூட்டின் கீழே டிபன் பாக்ஸைத் திறந்த எங்கள் பேக்கிங் பிரிவு நண்பர் பட்ட பாடு தனிக் கதை.

சமையலறைக்குப் போனால் நெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாமே எஸ்டர்தான். கிளிசரின் என்ற ஆல்கஹாலுக்கு மூன்று கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு கொழுப்பு அமிலம். ஈரம் பட்டு வெண்ணெய் கெட்டுப்போகும்போது எஸ்டர் பிரிந்து பியூட்டிரிக் அமிலம் வெளியே வருகிறது, நாற்றம் அதனால்தான். ஊரில் பாட்டி வெண்ணெயைத் தண்ணீர்ச் சத்தம் அடங்கும்வரை காய்ச்சி நெய்யாக்கி வைத்ததும், உலர்ந்த கரண்டியால்தான் எடுக்க வேண்டும் என்று அதட்டியதும் எங்கள் ஃபோர்மன் சொன்ன அதே வேதியியல்தான்.

எண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு காய்ச்சினால் அந்த மூன்று கைகளும் விடுபட்டு சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். இங்கே அமிலம் உப்பாகிவிடுவதால் பழையபடி சேர வழியில்லை. அதனால் சோப்பு செய்வது மட்டும் ஒருவழிப் பாதை.

துணி அலமாரியில் டெரிலின் இருக்கும். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தது. அமிலத்துக்கும் இரண்டு கை, ஆல்கஹாலுக்கும் இரண்டு கை என்று வைத்துக் கோத்துக்கொண்டே போனால் நீண்ட சங்கிலி, அதுதான் பாலியெஸ்டர். தண்ணீர் எஸ்டரைப் பிரிக்கும் என்றால் பம்பாய் மழையில் டெரிகாட்டன் சட்டை ஏன் கரையவில்லை என்று கேட்பீர்கள். அந்தச் சங்கிலிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பவை. தண்ணீர் உள்ளே நுழைய இடமில்லை. சாதாரண வெப்பத்தில் அது பிரிய வெகு காலம் ஆகும்.

ஆனால் ஆஸ்பிரின் மாத்திரைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1897இல் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் சுத்தமாகத் தயாரித்த அதுவும் ஓர் எஸ்டரே. மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாத பாட்டிலில் ஈரம் பட்டால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். மாத்திரையில் காடி வாசனை வந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். அம்மாவின் மாத்திரை டப்பாவை மாதம் ஒருமுறை முகர்ந்து பார்ப்பவன் நான். பக்கத்து பீரோவில் இருந்த டின்னை மட்டும் முகரவில்லை.

படச்சுருள்

பருத்தியிலும் மரத்திலும் இருக்கும் செல்லுலோஸ் வேதியியல் கண்ணுக்கு ஆல்கஹால் மாதிரி. எண்ணற்ற கைகள் உடையது. அதை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து முதலில் படச்சுருள் செய்தார்கள். பளிங்கு மாதிரி தெளிவு. ஆனால் பற்றிக்கொண்டால் அணையாது. 2003இல் புனேயில் நம் பழைய சினிமாச் சுருள்கள் எரிந்து போனது இந்த வகையால்தான். இந்த ஆபத்துக்கு மாற்றாக வந்தது செல்லுலோஸ் அசிட்டேட். நைட்ரிக் அமிலத்தின் இடத்தில் அசிட்டிக் அமிலம். எளிதில் தீப்பிடிக்காது என்பதால் 'சேஃப்டி ஃபிலிம்' என்றே ஓரத்தில் அச்சடித்தார்கள். அதன் மேம்பட்ட வகையான டிரை அசிட்டேட்டை 1948இல் கோடாக் கொண்டுவந்தது.

பத்து ஆண்டுகள் ஆவதற்குள் முதல் புகார் போயிற்று. எங்கிருந்து தெரியுமா? நம் இந்திய அரசிடமிருந்து! வெப்பமும் ஈரமுமாக இருந்த கிடங்குகளில் சுருள்கள் சுருங்கி, புளித்த வாசனை அடித்தன. தீக்குப் பயந்து செய்த சுருளை நம் ஊர்ப் புழுக்கம் பிடித்துக்கொண்டது.

நடப்பது இதுதான். காற்றிலுள்ள ஈரம் படச்சுருளின் எஸ்டரை மெல்லப் பிரிக்கிறது. அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. அமிலம் திரும்புகிற பாதையையும் வேகப்படுத்தும் என்று சொன்னேன் அல்லவா? வெளிவந்த அமிலமே அடுத்த பிரிவை வேகப்படுத்துகிறது. அதில் இன்னும் அமிலம். தன் அழிவுக்குத் தானே வினையூக்கி. பல வருடம் ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்துக்கு மேல் கிடுகிடுவென்று போகும். அடித்தளம் சுருங்கும், அதன்மேல் உள்ள படப்பூச்சு சுருங்காமல் வரி வரியாக மேலெழும்பும். ஆவி பக்கத்துச் சுருளுக்கும் பரவி அதையும் கெடுக்கும். ஒருமுறை தொடங்கிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

இனி என் தவறு. அப்பா நெகடிவ்களைக் காகித உறைகளில் போட்டு, ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, ஜன்னலுக்கு எதிரே காற்றோட்டமாக வைத்திருந்தார். 2005 ஜூலை 26 யாருக்கும் மறக்காது. ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மரப்பெட்டி உயரத்தில் இருந்ததால் தப்பியது. அந்தப் பயத்தில் அடுத்த வாரமே நெகடிவ்களை எல்லாம் பிளாஸ்டிக் உறைகளுக்கு மாற்றி, பிஸ்கட் டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டினேன். பிறகு மாடி வீட்டுக்குக் குடிபோனபோது அப்படியே பீரோவில் வைத்தேன். இனி ஒரு பொட்டுத் தண்ணீர் போகாது என்று பெருமை வேறு.

வெளித் தண்ணீர் போகவில்லை, உண்மைதான். ஆனால் அந்த ஈரமான ஆகஸ்ட் மாதக் காற்றையும் சேர்த்து உள்ளே வைத்து முத்திரை போட்டிருந்தேன். வந்த அமிலம் வெளியேற வழியில்லை. தண்ணீரைப் பிரித்தெடுப்பதையே 36 வருடம் தொழிலாகச் செய்தவன், அதை அக்காவின் படத்தோடு அடைத்து வைத்தேன். அப்பாவின் மரப்பெட்டியிலேயே விட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் இந்தக் கதி வந்திருக்காது.

மீண்டது

அன்று சாயந்திரமே தாதரில் ஒரு பழைய ஸ்டூடியோக்காரரிடம் டின்னோடு ஓடினேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு ஒன்றும் பேசாமல் மின்விசிறியைப் போட்டார். சுருண்டு போனவற்றைக் கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் வைத்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய மூன்று வாரம் ஆயிற்று. 168இல் 97 முழுசாகக் கிடைத்தன. 40 பாதி. 31 கண்ணாடித் தகட்டில் வைக்கும்போதே நொறுங்கின. அவற்றில் ஒன்று அப்பாவின் அப்பா காமிராவைப் பார்த்துச் சிரித்த ஒரே படம் என்று அம்மா சொன்னாள்.

அக்கா அந்த 40இல் இருந்தாள். திண்ணைத் தூணும் கோலமும் வரி வரியாகப் பிய்ந்துவிட்டன. தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை. முகம் இருந்தது. காதில் ஜிமிக்கி இருந்தது.

அம்மாவுக்கு 90 வயது. படத்தைப் பெரிதாக்கி அவள் மடியில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. மடித்த விரலால் படத்தின் கீழ்ப்பக்கம், ஒன்றுமே இல்லாத இடத்தில், தடவினாள்.

"எய்யா, அந்தத் தாவணி பச்சைல்லா? கிளிப்பச்சை. இந்தப் படத்துல அது தெரியாதுல்லா."

படம் முழுசாகவே இருந்திருந்தாலும் அந்தப் பச்சை தெரிந்திருக்காது. கறுப்பு வெள்ளைப் படம். அம்மா சொன்னதைப் படத்தின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பெரும்பாலோர் ஊரிலிருந்து பெட்டியோடு வந்தவர்கள். அந்தப் பெட்டிகளில் நெகடிவ் இல்லாத குடும்பம் குறைவு. 1980களிலும் 90களிலும் கல்யாணங்களில் எடுத்த கலர் ரோல்களும் பெரும்பாலும் இதே அசிட்டேட்தான். மழை விட்ட ஒரு வெயில் நாளில் அவற்றைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி வாசனை வருகிறவற்றை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிட்டு, முதலில் அவற்றை ஸ்கேன் செய்யுங்கள், தள்ளிப் போடாதீர்கள். வாசனை வராதவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து காகித உறைக்கு மாற்றுங்கள். டின்னில் அடைத்து டேப் ஒட்ட வேண்டாம். பரணில், சமையலறையில், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்க வேண்டாம். வீட்டிலேயே குளுமையான, உலர்ந்த, காற்று வருகிற இடம் எதுவோ அது போதும். ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாவணியின் நிறத்தையும் சேர்த்து.

சந்தேகம் இருப்பவர்கள் டின்னை எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை நம் சங்க நூலகத்துக்கு வரலாம். நான் அங்கேதான் இருப்பேன். முகர்ந்து சொல்ல இந்த மூக்கு இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது.